சவரக்கத்தியும் படிகாரமும்: தமிழகத்தில் மழிப்புத் தொழிலும் காய மருத்துவமும் பிரிந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முகம் மழித்தலும் அதனால் நேரும் சிறு காயத்தை ஆற்றுதலும் தமிழகத்தில் நெடுங்காலம் ஒரே சமூகத்தாரின் கைத்தொழிலாக இருந்தன. அச்சமூகத்தின் பெயர்களும், சோழர்காலக் கல்வெட்டுச் சான்றும், சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளும் இதனை உணர்த்துகின்றன. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் மருத்துவக் கல்வியும் பதிவுச் சட்டமும் ஒருபுறமும், பாதுகாப்புச் சவரக்கருவி மறுபுறமும் இவ்விரு பணிகளையும் பிரித்தன. ஐரோப்பாவிலும் இப்பிரிவு நிகழ்ந்தது. ஆனால் அங்கு நாவித மருத்துவரிடையிலிருந்தே அறுவை மருத்துவர் உருவாயினர். தமிழகத்தில் அவ்வழி திறக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டையும் அதன் விளைவுகளையும் சவரக்கத்தி, படிகாரம் ஆகிய இரு பொருள்களின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சவரம், படிகாரம், மருத்துவர் சமூகம், நாவிதர், புறமருத்துவம், திருமுக்கூடல் கல்வெட்டு, பாதுகாப்புச் சவரக்கருவி.

1. முன்னுரை

தமிழ்நாட்டின் முடிதிருத்தும் நிலையங்களில் முகச்சவரம் முடிந்ததும் ஈரப்படுத்திய படிகாரக் கட்டியை முகத்தில் தேய்ப்பது வழக்கம். வாடிக்கையாளர் சிறிது எரிச்சலை உணர்வர். எங்கேனும் கத்தி பட்டுக் குருதி கசிந்திருந்தால் அது நின்றுவிடும். அன்றாட வழக்கம் ஆகிவிட்டதால் இச்செயல் ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததில்லை. எனினும், மழிக்கும் ஒருவர் தம் கைப்பட்ட காயத்திற்குத் தாமே மருந்திடும் இச்செயலில் பழைய தொழிலமைப்பு ஒன்றின் எச்சம் உள்ளது.

நாவிதர் சமூகத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சாதியப் படிநிலை, சடங்குப் பணி, ஊர்க்கூலி ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அவர்தம் தொழிலறிவு தனியே ஆராயத்தக்க பொருளாக மிகுதியும் கொள்ளப்படவில்லை. மழித்தல் என்பது எளிய பணி என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். பேச்சுவழக்கில் 'சிரைத்தல்' என்னும் வினைச்சொல் பயனற்ற வேலையைக் குறிக்கும் இழிசொல்லாக வழங்குவதும் அவ்வெண்ணத்தின் வெளிப்பாடே. உயிருள்ள தோலின்மீது கூரிய கத்தியை இயக்கும் ஒரு தொழிலுக்குத் தோலைப் பற்றியும், மயிரைப் பற்றியும், குருதியைப் பற்றியும் அறிவு வேண்டும். அவ்வறிவு யாருடையதாக இருந்தது, எவ்வாறு அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. பெயர்களில் படிந்துள்ள வரலாறு

மயிர் களைதலைக் குறிக்கத் தமிழில் மழித்தல், சிரைத்தல், சவரம் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் மழித்தல் பழமையானது. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரத்தில் துறவுக் கோலத்தின் அடையாளமாக அது சுட்டப்படுகின்றது. சவரம் என்பது 'க்ஷௌரம்' என்னும் வடசொல்லின் திரிபு. தொழில் செய்வோரைக் குறிக்கும் நாவிதர் என்னும் சொல்லும் வடமொழியின் 'நாபித' என்பதோடு தொடர்புடையது.

இத்தொழிற்பெயர்களைவிடச் சமூகப் பெயர்களே இவ்வாய்விற்கு முதன்மையானவை. பழைய ஆவணங்களில் வழங்கும் 'அம்பட்டர்' என்னும் பெயரை வடமொழியின் 'அம்பஷ்ட' என்பதோடு இணைத்துக் காண்பர். மனு தரும நூலின் பத்தாம் அத்தியாயம் அம்பஷ்டருக்குரிய தொழிலாக மருத்துவத்தையே கூறுகின்றது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் எட்கர் தர்ஸ்டன் இச்சொல்லுக்கு 'அருகில் நிற்பவர்' என்னும் விளக்கத்தைப் பதிவு செய்துள்ளார். மழிப்பதற்கும் நோயாளியைக் கவனிப்பதற்கும் அருகில் நிற்றல் வேண்டும் என்பது அதன் கருத்து. சொற்பிறப்பு நோக்கில் இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு வினா. அக்காலத்தவர் இரு பணிகளையும் ஒன்றாகவே கண்டனர் என்பதற்கு அது சான்று. இச்சமூகப் பெண்கள் மகப்பேறு பார்த்ததையும் தர்ஸ்டன் குறிப்பிடுகின்றார். 'மருத்துவச்சி' என்னும் சொல் பேறுகாலம் பார்க்கும் பெண்ணுக்கு உரியதாக வழங்கியதை இதனோடு இணைத்துக் காணலாம்.

தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இச்சமூகம் மருத்துவர், நாவிதர், மங்கலா, வேலக்கட்டளவர், பிராணோபகாரி முதலான பெயர்களின் தொகுப்பாக இடம்பெறுகின்றது. 'பிராணோபகாரி' என்பதற்கு உயிர்க்கு உதவுபவர் என்பது பொருள். திருவிதாங்கூர்ப் பகுதி வழக்கான இச்சொல்லை இச்சமூகத்தாரின் சடங்குப் பணியோடு தர்ஸ்டன் தொடர்புபடுத்துகின்றார். ஆகவே இதனை மருத்துவத்திற்கு மட்டும் உரிய சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. 'மருத்துவர்' என்னும் பெயருக்கோ இத்தகைய ஐயம் இல்லை.

ஊர்வழக்கில் 'குடிமகன்' என்னும் பெயரும் உண்டு. ஊர்க்குடிகளுக்கு வழிவழியாகப் பணி செய்பவர் என்பது அதன் பழம்பொருள். அறுவடைக் களத்தில் அவருக்கு அளக்கப்பட்ட தவசப் பங்கு 'சுதந்திரம்' எனப்பட்டது. ஒரு காலத்தில் பரம்பரைக் கட்டுப்பாட்டையும் அதற்குரிய கூலியையும் குறித்த இவ்விரு சொற்களும் இன்று நாட்டுரிமையையும் விடுதலையையும் குறிக்கின்றன. 'மருத்துவர்' என்னும் சொல்லுக்கும் இத்தகைய மாற்றமே நேர்ந்தது. வைத்தியர், டாக்டர் ஆகிய சொற்களுக்கு மாற்றாக நல்ல தமிழ்ச்சொல் வேண்டப்பட்டபோது 'மருத்துவர்' பொதுவழக்கிற்கு வந்தது. பட்டம் பெற்றவரின் சிறப்புப் பெயராக அச்சொல் உயர்ந்தபோது, அதனைக் குலப்பெயராகக் கொண்டிருந்தோரின் மருத்துவப் பணி பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது.

3. திருமுக்கூடல் மருத்துவமனையில் நாவிதர்

நாவிதர்க்கும் மருத்துவத்திற்கும் இருந்த தொடர்பைச் சொற்களைக் கொண்டு மட்டும் நிறுவுதல் போதாது. காஞ்சிபுரத்திற்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்திலுள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு இதற்கு உறுதியான சான்றளிக்கின்றது. வீரராசேந்திர சோழனின் ஆட்சிக்காலத்தைச் (1063–1070) சார்ந்த இக்கல்வெட்டு, கோயிலோடு இணைந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையையும் விவரிக்கின்றது. ஆதுலர் சாலை என்பது நோயாளிகளுக்கான மருத்துவமனை. அங்குப் பதினைந்து நோயாளிகள் தங்க இடம் இருந்தது. பணியாளர் வரிசையில் பொது மருத்துவர் ஒருவர், 'சல்லியக்கிரியை' எனப்படும் அறுவைப்பணி செய்வார் ஒருவர், மருந்துப்பொருள் கொணர்வோர், மருந்து அடும் பெண்டிர் ஆகியோரோடு நாவிதரும் இடம்பெறுகின்றார்.

இச்சான்றிலிருந்து இரு செய்திகளைப் பெறலாம். பதினொன்றாம் நூற்றாண்டு மருத்துவமனையில் நாவிதரின் இருப்பு இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பது ஒன்று. அறுவைப்பணி செய்வார் வேறாகவும் நாவிதர் வேறாகவும் குறிக்கப்பட்டுள்ளனர் என்பது மற்றொன்று. எனவே அக்காலத்து நாவிதரே அறுவை மருத்துவர் என்று மிகைப்படுத்துவதற்கு இக்கல்வெட்டு இடம் தரவில்லை. நிறுவனம் சார்ந்த மருத்துவத்தில் படிநிலை இருந்தது. அப்படிநிலையின் கீழ்நிலையில் இருந்தபோதும் நாவிதர் அதற்கு உள்ளேயே இருந்தார். கத்தி பிடிக்கும் கையையும் நோயாளியின் உடலையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்த காலம் அது.

இத்தகைய மருத்துவமனைகள் இல்லாத ஊர்களில் கட்டி கீறுதல், முள் எடுத்தல், புண் கழுவிக் கட்டுதல் முதலான பணிகள் கத்தியைக் கையாளத் தெரிந்த நாவிதரையே சார்ந்தன. சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கின்றது. அவற்றுள் கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம், கீறல், காரம், அட்டைவிடல், அறுவை, குருதி வாங்கல் முதலியன அடங்கும். கைத்திறனை வேண்டி நிற்கும் இம்முறைகளுட் சிலவற்றை நாவிதரின் ஊர்ப்பணிகளோடு ஒப்பிட்டுக் காணலாம். இன்றைய முடிதிருத்தும் நிலையங்களில் சவரத்திற்குப் பின் கழுத்தையும் தலையையும் பிடித்துவிடும் வழக்கம் தொக்கணத்தை நினைவூட்டுவது.

4. மழிப்பின் நுட்பம்

நாவிதரின் கருவிப்பை 'அடைப்பம்' எனப்படும். சவரக்கத்தி, தீட்டுக்கல், தோல்வார், கிண்ணம், கத்தரிக்கோல், படிகாரம் ஆகியன அதனுள் இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு செய்முறைப் படிநிலையைக் குறிப்பன.

முதற்படி நனைத்தல். உலர்ந்த முகமயிர் வலியது. நீரை ஏற்ற மயிர் பருத்து மென்மையாகும், அதனை அறுப்பதற்கு வேண்டிய விசையும் குறையும். ஆயின் மயிர்மேல் படிந்துள்ள எண்ணெய்ப்பசை நீரைத் தடுக்கும். சோப்பு நுரை அப்பசையை நீக்குவதோடு, நீர் விரைவில் உலராமல் காத்து, கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கலையும் உண்டாக்குகின்றது. நனைத்தலுக்குரிய சில நிமிடங்களைக் குறைத்தால் அவ்விழப்பைக் கத்தியின் கூர்மையால் ஈடுசெய்ய இயலாது.

அடுத்தது தீட்டுதல். கல் கத்திக்கு வாயை உண்டாக்குகின்றது. தோல்வார் அவ்வாயை நேர்செய்கின்றது. ஒவ்வொரு பயன்பாட்டிலும் மெல்லிய விளிம்பு சிறிது வளைந்துவிடுவதால் அதனை வாரில் முன்னும் பின்னும் இழுத்து நிமிர்த்த வேண்டும். மழுங்கிய கத்தியே மிகுதியான காயத்திற்குக் காரணம் என்பது தொழிலறிந்தோர் கொள்கை. மழுங்கிய கத்தி மயிரை அறுக்காமல் இழுக்கும். அதனை ஈடுசெய்யக் கை அழுத்தும். அழுத்தம் தோலைக் கீறும்.

மூன்றாவது கத்தியின் சாய்வு. முகத்தோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கத்தி இயங்குதல் வேண்டும். சாய்வு குறைந்தால் மயிர் அறுபடாது. மிகுந்தால் விளிம்பு தோலில் இறங்கும். தாடை, மோவாய், மேலுதடு, குரல்வளை மேடு ஆகிய வளைவுகளில் இச்சாய்வு நொடிதோறும் மாறவேண்டியிருப்பதால், இடக்கை விரல்கள் தோலை இழுத்துப்பிடித்து வளைவைச் சமதளமாக்குகின்றன. மழிப்பில் கத்தி பிடித்த கைக்கு நிகரான பங்கு தோலைப் பிடித்த கைக்கும் உண்டு.

நான்காவது மயிரின் போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும் மயிர் கழுத்தில் பல திசைகளில் திரும்பும். மயிரின் போக்கிலேயே மழித்தால் தோல் நலமாக இருக்கும். ஆனால் முழு வழவழப்புக் கிட்டாது. எதிர்வாக்கில் மழித்தால் வழவழப்பு மிகும். ஆனால் இழுத்துப் பிடித்த தோலில் அறுபட்ட மயிர், தோல் தளர்ந்ததும் அதன் மட்டத்திற்குக் கீழே சென்று, வளரும்போது உள்நோக்கி வளைந்து பருக்களை உண்டாக்கலாம். சுருண்ட மயிர் உடையோரிடம் இது மிகுதி. வழவழப்பும் தோல்நலமும் ஒன்றையொன்று ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டியவை. எம்முகத்திற்கு எவ்வளவு போதும் என்று கணிப்பதே தொழில்நுட்பத்தின் உச்சம். முதலில் மயிரின் போக்கிலும், மறுமுறை நுரையிட்டுக் குறுக்காகவும், தாங்கக்கூடிய தோலில் மட்டும் எதிர்வாக்கிலும் மழிப்பது இக்கணிப்பின் விளைவான முறையாகும்.

5. சிறு வெட்டும் படிகாரமும்

எத்துணைத் தேர்ந்த கையிலும் சிறு வெட்டு நேர்வதுண்டு. முகத்தோலில் நுண்குருதிக் குழாய்கள் செறிந்துள்ளன. வெந்நீர் அவற்றை மேலும் விரியச் செய்கின்றது. இதனால் ஆழமற்ற வெட்டும் அதன் அளவிற்கு மிஞ்சிய குருதியைக் காட்டும். தூய துணியால் சில நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தலும், குளிர்ந்த நீரால் கழுவுதலும் முதலுதவி. இவற்றோடு சேர்ந்து வழங்கியது படிகாரம்.

வேதியியல் நோக்கில் படிகாரம் என்பது பொட்டாசியம், அலுமினியம் ஆகியவற்றின் இரட்டைச் சல்பேட்டு, படிகநீர் கொண்டது. ஈரத்தோலில் பட்டதும் அது மேற்பரப்பிலுள்ள புரதங்களை உறையச் செய்து, திசுக்களைச் சுருக்கி, நுண்குழாய்களின் வாயை அடைக்கின்றது. இதுவே அதன் துவர்ப்பாற்றல். சித்த மருத்துவத்தில் படிகாரம் காரசாரப் பொருள்களுள் ஒன்று; படிகாரப் பற்பம் உள்மருந்தாகவும் வழங்குகின்றது. ஆகவே நாவிதரின் அடைப்பத்தில் இருந்த படிகாரம், மருந்துப் பெட்டியிலிருந்து வேறுபட்ட ஒன்றன்று. இரண்டிலும் இருந்த ஒரே சரக்கு.

படிகாரத்திற்கு மற்றொரு பயனும் இருந்தது. மழித்து முடிந்தபின் அதனை முகம் முழுவதும் தேய்க்கும்போது கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் எரிச்சலால் வெளிப்படும். எந்த இடத்தில் எரிகின்றதோ அந்த இடத்தில் கத்தி மிகையாக அழுந்தியுள்ளது. அவ்வகையில் படிகாரம் மருந்தாக இருந்ததோடு, கையின் பிழையைக் காட்டும் சோதனையாகவும் இருந்தது. தொழில் பயில்வோர்க்கு வாடிக்கையாளரின் முகக்குறிப்பே பாடமாகியிருக்கும்.

6. ஐரோப்பிய நாவித மருத்துவர்: ஓர் ஒப்பீடு

மழிப்பும் காய மருத்துவமும் ஒரே கையில் இருந்தமை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஐரோப்பாவிலும் குருதி வாங்கல், பல் பிடுங்கல், கட்டி அறுத்தல் ஆகியவற்றை நாவிதரே செய்தனர். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் திருச்சங்கம் உயர்நிலைக் குருமார் அறுத்தலும் சுடுதலும் சார்ந்த மருத்துவத்தில் ஈடுபடுவதைத் தடைசெய்தது. நூலறிவு பெற்ற மருத்துவர் நோய்நாடலோடு நின்றுகொள்ள, உடலைத் தொடும் பணி நாவிதரைச் சார்ந்தது.

அங்கு நிகழ்ந்த அடுத்தகட்ட மாற்றம் குறிப்பிடத்தக்கது. நாவித மருத்துவராகத் தொழில் தொடங்கிய பிரான்சு நாட்டு அம்புருவாசு பாரே, போர்க்களத்தில் துப்பாக்கிக் காயங்களுக்குக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் முறையைக் கைவிட்டு மென்மையான மருந்துப் பூச்சைப் பயன்படுத்தினார். தம் பட்டறிவை 1545இல் இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார்; பின்னர் பிரான்சு மன்னர்களின் அறுவை மருத்துவராக உயர்ந்தார். இங்கிலாந்தில் எட்டாம் என்றி காலத்தில் 1540ஆம் ஆண்டுச் சட்டம் நாவிதரையும் அறுவை மருத்துவரையும் ஒரே குழுமமாக இணைத்தது. அதே சட்டம், பல் பிடுங்கல் நீங்கலாக நாவிதர் அறுவைப்பணி செய்யக்கூடாது என்றும், அறுவை மருத்துவர் மழிப்புத் தொழில் செய்யக்கூடாது என்றும் வரையறுத்தது. 1745இல் இரு பிரிவும் தனித்தனிக் குழுமங்களாயின. 1800இல் அறுவை மருத்துவர்க்கான அரச கல்லூரி இலண்டனில் பட்டயம் பெற்றது.

இவ்வரலாற்றில் நாவிதர் தொழில் மதிப்பிழந்தது உண்மையே. ஆயினும் பிரிந்து சென்ற அறுவை மருத்துவம் அக்குழுமத்தின் உள்ளிருந்தே வளர்ந்தது. கைத்தொழிலாகக் கற்ற ஒருவர் நூலாசிரியராகவும் அரச மருத்துவராகவும் உயர வாயில் இருந்தது.

7. சென்னை மாகாணத்தில் நேர்ந்த பிரிவு

தமிழகத்தில் அத்தகைய வாயில் அமையவில்லை. 1835இல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்குக் கற்பிக்கப்பட்ட அறுவை மருத்துவம் ஐரோப்பிய மரபினது. ஊர்களில் கத்தியைக் கையாண்டவரின் அறிவோடு அதற்குத் தொடர்ச்சி இல்லை. ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்புடைய சமூகத்தாரே அதனுள் நுழைய முடிந்தது. 1914ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் பதிவு பெற்றவர், பெறாதவர் என்னும் வேறுபாட்டைச் சட்டநிலையில் உறுதிசெய்தது.

இதற்கு எதிர்வினையாக உள்நாட்டு மருத்துவ முறைகளுக்கு ஏற்பு வேண்டும் என்னும் குரல் எழுந்தது. 1921இல் அமைக்கப்பட்ட முகமது உசுமான் குழு ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. ஏட்டு மரபுடைய மருத்துவ முறைகளுக்கு இம்முயற்சி பெருந்துணையாயிற்று. எனினும், ஏற்பு என்பது நூல், பாடத்திட்டம், பட்டயம் ஆகியவற்றின் வழியாகவே கிட்டியது. கையிலிருந்து கைக்குக் கடத்தப்பட்ட புறமருத்துவப் பழக்கங்கள் இவ்வளவைகளுள் எளிதில் அடங்கவில்லை. மருத்துவச்சியின் பணியும் இவ்வாறே பயிற்சி பெற்ற மருத்துவமனைச் செவிலியரிடம் படிப்படியாகச் சென்றது.

விளைவு இரு நிலைகளில் வெளிப்பட்டது. மருத்துவம் என்னும் மதிப்புடைய பாதி நீங்கியது. மழிப்பு என்னும் பாதி, சாதி இழிவின் முழுச்சுமையோடு எஞ்சியது. ஐரோப்பிய நாவிதருக்கும் தமிழக நாவிதருக்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே. அங்குப் பிரிவு தொழிலைப் பிரித்தது. இங்கு அது மக்களையே அவர்தம் அறிவிலிருந்து பிரித்தது.

8. பாதுகாப்புச் சவரக்கருவியும் சலூனும்

மழிப்பு என்னும் எஞ்சிய பாதியும் மாற்றத்திற்கு உள்ளாயிற்று. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றிப் பாரிசு நகரக் கத்தித் தொழிலாளர் ழான் ழாக் பெரே 1769இல் நூலொன்று வெளியிட்டார். தோலில் கத்தி ஆழ இறங்காதவாறு தடுப்பு பொருத்திய சவரக்கத்தியையும் அவர் அறிமுகப்படுத்தினார். 1880இல் அமெரிக்காவில் காம்ப்ஃபே உடன்பிறந்தார் பாதுகாப்புச் சவரக்கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய எஃகு பிளேடை எண்ணினார். வில்லியம் நிக்கர்சன் அதனை உருவாக்கும் முறையைக் கண்டார். விற்பனை தொடங்கிய 1903இல் 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே விற்றன. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்காக ஏறத்தாழ 35 லட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. போர்முனையிலிருந்து திரும்பியோர் வழி தற்சவரம் ஆண்களின் அன்றாடப் பழக்கமாயிற்று.

முந்தைய பகுதியில் கண்ட நான்கு நுட்பங்களோடு இக்கருவியை ஒப்பிட்டால் அதன் செயல் விளங்கும். தீட்டுதலை ஆலை ஏற்றது. சாய்வைச் சட்டகம் ஏற்றது. நனைத்தலும் மயிரின் போக்கறிதலும் மட்டுமே பயன்படுத்துபவரிடம் விடப்பட்டன. அவற்றைக் கற்பிக்க அருகில் எவரும் இல்லாததால், பாதுகாப்பான கருவியைக் கொண்டும் எரிச்சலும் கீறலும் உண்டாவது பொது அனுபவமாயிற்று. சிறு காயத்திற்குரிய மருந்தும் படிகாரக் குச்சியாகக் குளியலறை மாடத்திற்கு இடம்பெயர்ந்தது.

தமிழகத்தில் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் நிகழ்ந்த சவரம், நகரங்களில் சலூன்களுக்கு மாறியது. களத்து நெல்லுக்கு மாறாக வேலைக்கேற்ற காசுக்கூலி கிடைத்தது. வாடிக்கையாளர் தேடிவரும் இடமாகத் தொழிற்களம் மாறியது. செய்தித்தாள்கள் படிக்கப்படும் அரசியல் உரையாடற் களமாகவும் சலூன் திகழ்ந்தது. ஆயினும் தொடுதலின் அரசியல் அங்கும் தொடர்ந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு முடிதிருத்த மறுக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் நிலவியது. பணி செய்ய முன்வந்தோரை ஆதிக்கச் சாதியினர் புறக்கணிப்பால் அச்சுறுத்தியதும் உண்டு. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய மன்றத்தில், பொது இடங்களில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் விதி ஆராயப்பட்டபோது, 'கடை' என்னும் சொல் சவரக்கடையையும் உள்ளடக்குமா என்பது வினவப்பட்டது. பணியை விலைக்கு வழங்கும் எவ்விடத்தையும் குறிக்கும் விரிந்த பொருளிலேயே அச்சொல் ஆளப்படுவதாக அம்பேத்கர் விளக்கினார். முகத்தைத் தொடும் ஒரு கையின் செயல் நாட்டின் அடிப்படை உரிமை பற்றிய விவாதத்தில் இடம்பெற்றது என்பது இத்தொழிலின் வரலாற்று முதன்மையை உணர்த்தும்.

9. தொற்றும் எஞ்சிய மருத்துவமும்

கத்தி உண்டாக்கும் காயத்தைவிட அக்காயத்தின் வழி நுழையும் கிருமியே பெரிது என்னும் அறிவு இருபதாம் நூற்றாண்டில் பரவியது. முதல் உலகப்போர்க் காலத்தில் நல்லவகைச் சவரப் பிரஷ்களுக்கான மயிர் கிடைக்காமற் போகவே, குதிரைமயிர் மாற்றாகப் பயன்படுத்தப்பட்டது. சரிவரத் தூய்மை செய்யப்படாத அம்மயிர் வழியாக ஆந்த்ராக்ஸ் நோய் முகக் காயங்களில் தொற்றியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படைவீரர் உள்ளிட்ட பலர் பாதிக்கப்பட்டனர். இங்குக் குற்றம் கத்தியினுடையதன்று. முகத்தை மென்மையாக்க வந்த பிரஷினுடையது.

தமிழகத்தில் இவ்வச்சம் வேறொரு காலத்தில் கூர்மையுற்றது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வே அதனை வெளிப்படுத்தியது. அதன்பின் ஒருவர்க்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவர்க்குப் பயன்படுத்தலாகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. தீட்டி ஆளும் பழைய சவரக்கத்தி விலக, இருமுக பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைச் செருகிப் பயன்படுத்தும் பிடிக்கத்தி நிலைபெற்றது. தோல்வாரும் தீட்டுக்கல்லும் அடைப்பத்திலிருந்து நீங்கின.

இந்நிலையில் படிகாரமும் ஐயத்திற்கு உள்ளாகின்றது. ஒரே கட்டியைப் பலர் முகத்தில் தேய்க்கும்போது ஒருவரின் குருதி மற்றவரின் கீறலில் படக்கூடும். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே பொருள்களின் மேற்பரப்பில் ஏழு நாள்கள் வரையேனும் தொற்றும் ஆற்றலோடு இருக்கவல்லது. படிகாரத்தின் துவர்ப்பாற்றலை நம்பி அதனைத் தூய்மையானதாகக் கொள்ள இயலாது. படிகாரத்தைத் தூளாகவோ கரைசலாகவோ ஒவ்வொருவர்க்கும் தனியே பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு. ஒரு காலத்தில் காயத்தை ஆற்றியவர் என்னும் தகுதியைத் தந்த பொருளே இன்று எச்சரிக்கைக்கு உரியதாயிற்று. அதே வேளையில், நோய்த்தடுப்புச் செய்திகளை மக்களிடம் கொண்டுசெல்ல முடிதிருத்துநரின் துணை நாடப்பட்டதும் உண்டு. ஆண்களின் உடல்நலம் பற்றி அவர்களோடு நெருங்கிப் பேசக்கூடிய இடத்தில் அவர் இன்னும் இருக்கின்றார் என்பதே அதன் அடிப்படை.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முகச்சவரமும் சிறுகாய மருத்துவமும் தமிழகத்தில் ஒரே தொழிலறிவின் இரு கூறுகளாக இருந்தன. 'மருத்துவர்' என்னும் குலப்பெயரும் திருமுக்கூடல் கல்வெட்டும் படிகாரத்தின் இரட்டைப் பயனும் இதற்குச் சான்று. ஆயினும் சோழர்காலத்திலேயே அறுவை மருத்துவர்க்கும் நாவிதர்க்கும் இடையே படிநிலை இருந்தமையால், இழந்த பொற்காலம் ஒன்றைக் கற்பித்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் நாவிதக் குழுமத்துள்ளிருந்து அறுவை மருத்துவம் கிளைத்தெழ, இங்குக் குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவக் கல்வி கைத்தொழில் அறிவைப் புறத்தே நிறுத்தியது. சாதி அமைப்பு அவ்விடைவெளியை நிலைப்படுத்தியது. பாதுகாப்புச் சவரக்கருவி எஞ்சிய மழிப்பு நுட்பத்தின் பெரும்பகுதியை ஆலைக்கு மாற்றியது.

இன்று தீட்டிப் பயன்படுத்தும் சவரக்கத்தியைக் கையாளவும், மயிரின் போக்கையும் தோலின் தன்மையையும் விரலால் அறியவும் வல்ல முதியோர் சிலரே உள்ளனர். கட்டி கீறுதல், புண் கட்டுதல், மகப்பேறு பார்த்தல் ஆகியவற்றின் நினைவுகளும் அவர்தம் குடும்பங்களிலேயே எஞ்சியுள்ளன. வட்டாரந்தோறும் அவர்தம் கருவிப்பெயர்களையும் செய்முறைகளையும் வாய்மொழியாகத் தொகுப்பது தமிழ் மருத்துவ வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும். அப்பணி நிறைவேறும்போது, 'சிரைத்தல்' என்னும் சொல்லில் ஏற்றப்பட்ட இழிவு எத்தகைய அறிவை மறைத்து நின்றது என்பது மேலும் தெளிவாகும்.